சுவர்க்கோழியா, கரப்பானா?

வயல்ல புதுப் பூச்சி ஒண்ணு தென்பட்டா, “என்ன மருந்து அடிக்கலாம்?” என்பதுதான் எங்க ஊர்ல முதல் கேள்வி. “இது என்ன பூச்சி?”ன்னு கேட்கிறவங்க குறைவு. அப்படிக் கேட்ட ஒருத்தரின் கதை இது.

1913-ல் கனடாவின் பான்ஃப் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சல்ஃபர் மலையில், எட்மண்ட் வாக்கர் என்ற பூச்சியியலாளரும் கூடப் போன குராட்டாவும் இறக்கையே இல்லாத ஒரு பூச்சியைப் பிடித்தார்கள். சில அடையாளம் சுவர்க்கோழி மாதிரி, சில அடையாளம் கரப்பான் மாதிரி. தெரிஞ்ச எந்தக் குடும்பத்திலும் அதைத் திணிக்காமல், 1914-ல் அதுக்குன்னு புதுக் குடும்பமே வகுத்தார் வாக்கர். பெயர் கிரில்லோபிளாட்டா. சுவர்க்கோழி, கரப்பான் இரண்டின் லத்தீன் பெயர்களையும் சேர்த்து வச்ச பெயர். பின்னாடி வண்டுகளுக்கு இருக்கிற மாதிரி தனி வரிசையே அதுக்குக் கிடைத்தது.

ராத்திரியில் பனிமேல் ஊர்ந்து, காற்று கொண்டுவந்து போட்ட செத்த பூச்சிகளைத் தின்னும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வச்சாலே நம்ம உடம்புச் சூடு அதைக் கொன்னுடும். மலை சூடாகிக்கிட்டே போனா, இன்னும் மேலே ஏறலாம். ஆனா உச்சிக்கு அப்புறம் ஏற இடமில்லை, பறக்க இறக்கையும் இல்லை.

பெயர் வச்சதால, அது இல்லாமப் போனா நமக்குத் தெரியவாவது வரும். பெயர் தெரியாமலே நாம மருந்தடிச்சு அழிச்சதுக்கு யாரிடம் கணக்கு இருக்கு?