முன்மதியோடு: ஒரு வினையடையின் பொருள்

"முன்மதியோடு நடந்துகொள்" என்று நாம் பிறருக்கு அறிவுரை கூறுகிறோம். பல வேளைகளில் "வம்பில் மாட்டாதே" என்பதே அதன் பொருளாகிவிடுகிறது. விவிலியம் இச்சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறது?

நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளர் உவமையின் முடிவில் (லூக் 16:8) இச்சொல்லைக் காண்கிறோம். கிரேக்க மூலத்தில் அது "ஃபுரொனிமோஸ்". புதிய ஏற்பாட்டில் இந்த வினையடை இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. இலத்தீனில் இது "புருதெந்தெர்". சீர்திருத்தத் திருச்சபையினரின் தமிழ் மொழிபெயர்ப்பில் "புத்தியாய்".

வினையடை என்பது ஒரு செயல் எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் சொல். நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும், நூறு மூடை கோதுமையை எண்பதாகவும் மாற்றி எழுதச் சொன்னது அநீதியே. தலைவர் பாராட்டியது அந்த அநீதியை அல்ல. வேலை போகப்போகிறது என்று உணர்ந்த உடனே, தாமதிக்காமல், வருங்காலத்தை நினைத்துச் செயல்பட்ட விதத்தையே.

இதே வேரிலிருந்து பிறந்த பெயரடை மத்தேயு நற்செய்தியில் ஏழு முறை வருகிறது. பாறைமீது வீடு கட்டியவரும், விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்ற கன்னியரும் முன்மதி உடையவர்கள். இவர்கள் எவரும் சும்மா இருந்தவர்கள் அல்லர். பாம்பின் முன்மதியோடு புறாவின் கபடற்ற தன்மையையும் இயேசு இணைத்தே கேட்கிறார் (மத் 10:16).

புனித தாமஸ் அக்குவினாஸ் முன்மதிக்கு மூன்று படிகளைக் கூறுகிறார்: ஆலோசித்தல், தீர்மானித்தல், செயல்படுத்துதல். இவற்றுள் மூன்றாவதே தலையாயது என்கிறார். தீய வழியைத் தேடும் தந்திரத்தை அவர் முன்மதியின் போலி வடிவமாகக் காண்கிறார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, மற்ற நற்பண்புகளை வழிநடத்தும் தேரோட்டி என்று முன்மதியை அழைக்கிறது (எண் 1806).

இனி நம் வாழ்வுக்கு வருவோம். மாப்பிள்ளைக்குக் கடுமையான குடிப்பழக்கம் உண்டு என்று உறவினர் ஒருவருக்குத் தெரியும். "நமக்கேன் வம்பு" என்று அவர் வாய்மூடி இருக்கிறார். அவர் முன்மதியோடு நடந்துகொண்டார் என்று ஊர் சொல்லலாம், நற்செய்தி சொல்லாது. கேள்விப்பட்டது உண்மைதானா என்று விசாரித்து, யாரிடம், எப்படிச் சொல்வது என்று தீர்மானித்து, ஓலை வாசிக்கும் முன்பே பெண்ணின் பெற்றோரிடம் தனியாகச் சொல்பவரே முன்மதியோடு நடந்தவர்.

ஆகவே இச்சொல்லைப் பயன்படுத்தும்போது நம்மை நாமே கேட்போம்: நாம் காப்பாற்ற நினைப்பது யாரை? நம்மையா, நமக்கு அடுத்திருப்பவரையா?