தூக்கமும் கற்றலும்

படித்த பாடமும் பழகிய கைத்திறனும் மனத்தில் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதற்கு நூறாண்டுச் சான்று இருக்கிறது. 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்தனர். விழித்திருந்த நேரத்தில் மறந்ததைவிட உறங்கி எழுந்தபின் மறந்தது குறைவு. உறக்கம் புதிய செய்திகள் வந்து குழப்பாமல் காத்தது, அவ்வளவே என்று அன்று விளக்கினார்கள். ஆனால் 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளிடம் கண்டது வேறு: எலி நடமாடிய இடங்களைக் குறித்த, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி நரம்பணுக்கள், பிறகு வந்த ஆழ்தூக்கத்திலும் சேர்ந்தே துடித்தன. மூளை ஓய்ந்திருக்கவில்லை, பகலை மீண்டும் ஓட்டிப்பார்த்தது.

கைவேலையில் இது எவ்வளவு தூரம் செல்லும்? சென்னை–கும்மிடிப்பூண்டி ரயில் தடத்திலுள்ள அனுப்பம்பட்டுக்கு வடகிழக்கே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள். அங்கே வலை பின்னப் பழகும் பிள்ளை ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி, முடிச்சை இறுக்க வேண்டும். தொடக்கத்தில் இவை நான்கு வேலை. கை பழகிவிட்டால் ஒரே வீச்சு. இப்படிப்பட்ட விரல் வரிசையைத்தான் 2002இல் வாக்கரின் குழு சோதித்தது. ஓர் இரவு உறங்கியபின் விசை தட்டும் வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. பயிற்சியின் களைப்பு தீர்ந்ததால் வந்த வேகம் அது என்று 2008இல் ரிக்கார்டின் குழு மறுத்தது. அது வலுவான மறுப்பு. அந்த 20 சதவீதம் முழுவதையும் தூக்கத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் 2007இல் ராஷின் குழு, அட்டைகளின் இடங்களைக் கற்றபோது வீசிய ரோஜா மணத்தை ஆழ்தூக்கத்திலும் வீசச்செய்தபோது மறுநாள் நினைவு கூடியது. அதற்குக் களைப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அடுத்த தடையைச் சென்னையே எழுப்பியது. 2021இல் வெளியான ஆய்வொன்றில், தரவுப் பதிவு வேலை செய்த 452 பேர் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் ஐந்தரை மணி நேரமே உறங்கினார்கள், அதுவும் விட்டுவிட்டு. கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி முதலியவற்றால் தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனாலும் வேலையிலோ அறிவுத்திறனிலோ முன்னேற்றம் தென்படவில்லை. பணியிடத்தில் அமைதியாகப் போட்ட அரை மணிப் பகல் தூக்கமோ இரண்டையும் உயர்த்தியது. ஆகவே தூக்கத்தின் பயனை நிமிடக் கணக்கில் மட்டும் பார்க்க முடியாது; அறுபடாமல் உறங்குவதும் கணக்கில் வர வேண்டும்.

ஏரிக்கரைக்கு இது நேரே பொருந்துகிறது. இறால் இரவில் நடமாடும்; மீன்பிடி இடங்களைச் சுழற்சியாகப் பகிரும் பாடு முறையில் தன் முறை வந்த குடும்பம் அந்த இரவை விட முடியாது. அங்கே “சீக்கிரம் படு” என்னும் அறிவுரைக்கு அதிக வேலை இல்லை. நிழலில் போடும் நண்பகல் தூக்கத்தைச் சோம்பல் என்பதும் தவறு. அரை மணி உறங்கியவர்கள் அந்த அரை மணிக் கூலியை இழந்தார்கள் என்பதும் சென்னை ஆய்வின் முடிவுதான். கூலிக்காரருக்கு அது உண்மையான இழப்பு. வலை பின்னக் கற்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை.