வாவல் என்னும் பழந்தின்னி

குழந்தைகளுக்கான எழுத்து அட்டையில் வகர வரிசை 'வௌ' என்பதோடு முடியும். அந்தக் கட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால் படம் இருக்கும். ஔகாரம் ஏறிய சொற்கள் தமிழில் மிகக் குறைவு என்பதால் இந்த உயிருக்கு அப்படி ஒரு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சொல்லின் பழைய வடிவத்தில் ஔகாரமே கிடையாது. சங்க நூல்களில் காண்பது 'வாவல்'.

நற்றிணையின் 87ஆம் பாடலில், நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர் ஒரு வாவலைக் காட்டுகிறார். அது ஊருக்குள் நிற்கும் மாமரத்துக் கிளையில் தொங்கியபடி உறங்குகிறது. உறக்கத்தில், அழிசி என்பவனின் பெருங்காட்டு நெல்லிக்கனியின் புளிப்பைக் கனவு காண்கிறது. தலைவன் இல்லாதபோது அவனோடு இருந்த இன்பத்தைக் கனவில் கண்டு விழித்து ஏங்கும் தலைவிக்கு அந்த வாவலே உவமை. வாவலுக்கும் கனவு உண்டு, அந்தக் கனவில் பழச்சுவை உண்டு என்று ஒரு புலவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். குறுந்தொகை 201இல் இதே உயிர் பெயர் சொல்லப்படாமல் வெறும் 'பறவை'யாக வருகிறது. மாம்பழத்தைத் தின்று, நெல்லியையும் தின்று, பிறகு மூங்கிலில் 'தூங்குகிறது'. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கணாங்குருவியின் பெயரில் அந்தப் பொருள் இன்றும் நிற்கிறது. உறங்குதல் என்ற பொருளே பேச்சில் முதன்மை பெற்றது பின்னாளில். வாவலோ இரண்டையும் ஒன்றாகச் செய்யும் உயிர்.

இந்த இரண்டு பாடல்களிலும் உள்ளது பழம் தின்னும் வௌவால். நம் நாட்டு வௌவால்களில் பெரும்பான்மை பூச்சி தின்பவை. ஆனால் பழைய செய்யுளில் வாவலின் அடையாளமாக முன்னே வந்து நிற்பது கனி. சொல்லின் கதையில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சொல்லின் வேர். வாவுதல் என்றால் தாவுதல், தாண்டுதல். அதனோடு 'அல்' சேர்ந்தால் வாவல். கிளையைப் பிடித்திருக்கும் கால்நகங்களை விட்டு, சற்றே விழுந்து, அந்த வீழ்ச்சியிலேயே சிறகை விரித்துப் போகும் உயிருக்கு இது பொருந்தும் பெயர். குருவியைப் போலத் தரையிலிருந்து எழும்புவது அதன் இயல்பு அன்று. வௌவுதல் என்ற வினையிலிருந்து, அதாவது கவர்தல், பறித்தல் என்ற பொருளிலிருந்து இப்பெயரைக் காட்டுவாரும் உண்டு. பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் உயிர் என்பதால் அதுவும் கவர்ச்சியான விளக்கமே. ஆனால் வௌவு என்ற வினையும் பழைய நூல்களில் இருக்கிறது. உயிரின் பெயர் அதிலிருந்து பிறந்திருந்தால் 'வௌவல்' என்ற வடிவம் முதலில் வந்திருக்க வேண்டும். கிடைப்பதோ வாவல். ஆகவே வாவு என்பதே வேர் என்று எனக்குப் படுகிறது.

வாவல் எப்படி வவ்வால் ஆயிற்று? தாவு என்ற சொல்லைத் தென்மாவட்டங்களில் 'தவ்வு' என்றும் சொல்வார்கள். 'வரப்பைத் தவ்விப் போ' என்பது அன்றாடப் பேச்சு. நெடில் குறுகும்போது அடுத்த மெய் இரட்டிக்கிறது. தாவு தவ்வு ஆனதுபோலவே வாவல் என்பதன் முதலசை குறுகி 'வவ்' ஆயிற்று. பின்னசை நீண்டு 'வால்' ஆயிற்று. 'அவ்' என்ற ஒலி ஔகாரத்துக்கு ஈடாக நிற்கலாம் என்று நன்னூல் இடம் தருவதால், வவ்வால், வௌவால் இரண்டுமே பிழையற்ற எழுத்து. வௌவால் என்ற எழுத்துரு நிலைத்தபின், வௌவுதல் என்ற வினையின் சாயலும் அதன்மேல் படிந்திருக்க வேண்டும். மலையாளத்தில் வாவல், வவ்வால் இரண்டும் வழங்குகின்றன. கன்னடத்தில் பாவலி. நம் வில் அங்கே பில்லு, வேர் பேரு. அந்த முறைப்படியே வகரம் பகரமாகியிருக்கிறது. தெலுங்கு மட்டும் விலகி நின்று 'கப்பிலம்' என்கிறது.

ஊருக்குள் நாம் மிகுதியாகக் காணும் சிறிய பழந்தின்னி எது? நூல்கள் அதைக் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்கின்றன. ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கும் பெரிய வௌவால் ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். அதன் சிறகு விரிந்தால் நான்கடிக்குக் குறையாது. இந்தச் சிறியதோ ஐம்பது கிராம் அளவே. சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை அடி. முகம் நாய்க்குட்டியின் முகம். மூக்குத் துளைகள் குழாய்போல இருபுறமும் சற்றுத் துருத்தி நிற்கும். பெரிய பழுப்புக் கண்கள். காதின் விளிம்பில் வெளிறிய கரை. சிறகுத் தோலுக்குள் ஓடும் விரலெலும்புகள் வெளிர்நிறக் கோடுகளாகத் தெரியும். பெருவிரலில் மட்டுமன்றி இரண்டாம் விரலிலும் நகம் இருக்கும். பழந்தின்னிகளுக்கே உரிய அடையாளம் அது. பூச்சி தின்னும் வௌவாலைப் போல இது எதிரொலியைக் கேட்டு இரை தேடுவதில்லை. கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி.

காலையில் கொய்யா மரத்தடியிலோ சுவரோரத்திலோ கிடக்கும் சக்கையை எடுத்துப் பார்த்தால் இதன் உணவுமுறை விளங்கும். பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய், அங்கே தொங்கியபடி மென்று, மேலண்ணத்தில் வைத்து நாக்கால் நசுக்கிச் சாற்றை மட்டும் விழுங்கும். நாரைத் துப்பிவிடும். அந்தச் சக்கை தட்டையாக, ஒருபுறம் அண்ணத்தின் வரிகள் பதிந்து, கரும்பாலையிலிருந்து வெளியேறும் சக்கைபோல உலர்ந்திருக்கும். ஆல், அத்தி, சர்க்கரைப்பழம் போன்றவற்றின் நுண்விதைகள் சாற்றோடு உள்ளே போய், சிறிது நேரத்தில் பறக்கும் வழியில் எச்சத்தோடு விழுந்துவிடும். புன்னை, நாட்டு வாதுமை போன்றவற்றின் பெரிய கொட்டைகள் தின்னுமிடத்துக்கு அடியில் குவியும். இரண்டு வகையிலும் விதை தாய்மரத்தை விட்டு விலகிப் போகிறது. ஆலையில்லா ஊருக்குச் சர்க்கரையாகும் இலுப்பைப்பூவும் இதற்கு உணவு. இரவில் அந்தப் பூவின் சதைப்பற்றுள்ள அல்லியைக் கவ்வி இழுக்கும்போது முகத்து மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது.

'வௌவு' என்ற வினை இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது. இந்த வௌவல் இல்லாமல் பல மரங்களுக்கு நடை இல்லை.

இதன் இன்னொரு திறமை வீடு கட்டுவது. நெட்டிலிங்க மரத்தின் தொங்கும் இலைக்கொத்துக்குள்ளும், சுவரில் திரைபோலப் படரும் கொடிக்குள்ளும் ஆண் வௌவால் புகுந்து, உட்புறத் தண்டுகளையும் இலைகளையும் பல்லால் கடித்து நீக்குகிறது. சுற்றிலும் இலை நிற்க, நடுவில் மணி வடிவில் ஒரு வெற்றிடம் உருவாகிறது. கூந்தற்பனையின் பழக்குலையிலும் நடுச்சரங்களைக் கடித்து அகற்றி இதேபோன்ற அறை செய்வதுண்டு. பல நாள் உழைப்பு இது. பெண் இதில் பங்கெடுப்பதில்லை. கட்டி முடிந்த கூடாரத்துக்குப் பெண்கள் வந்து சேர்கின்றன. ஓர் ஆணும் பல பெண்களும் அவற்றின் குட்டிகளும் அங்கே தங்கும். பெண் ஓர் ஈட்டுக்கு ஒரு குட்டி என ஆண்டுக்கு இருமுறை ஈனும். பாளையங்கோட்டையில் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இரவிரவாகக் காத்திருந்து இந்தக் கூடார வேலையைப் பதிவு செய்தார்கள். 1995இல் அது உலக அறிவியலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அறிவியல் பெயரும் தமிழ்க்கரையிலிருந்து போனதுதான். 1797இல் மார்ட்டின் வால் என்னும் இயற்கையியலாளர் இந்தச் சிறு வௌவாலை விவரித்து 'ஸ்பிங்ஸ்' என்று பெயரிட்டார். அவர் ஆராய்ந்த உயிர் கிடைத்த ஊர், அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடி. லத்தீனில் மாலைநேரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'வெஸ்பெர்டிலியோ' என்ற பொதுப்பெயருக்குள் பெரும்பாலான வௌவால்களை அடக்கிய காலம் அது. 1824இல் பிரெடெரிக் குவியே இதை அங்கிருந்து பிரித்து 'சைனாப்டெரஸ்' என்ற பேரினத்தை வகுத்தார். நாய், சிறகு என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர். ஆக, அறிவியலும் முதலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே சொல்லில் வைத்திருந்து, பிறகு முகத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறது.

தமிழில் இந்தச் சொல் பரவிய இடங்கள் பல. மீன்சந்தையில் தட்டையாக அகன்ற உடலுள்ள மீனுக்கு வௌவால் மீன் என்று பெயர். வெள்ளை வௌவால், கறுப்பு வௌவால் என்று வகை பிரித்து விலை சொல்வார்கள். கோயிற்கட்டடத்தில் வளைவுக் கூரையுள்ள மண்டபம் வௌவால் நெற்றி மண்டபம். வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் விருந்தாளியும் தொங்க வேண்டியதுதான் என்று பழமொழி சொல்லும். இப்படி மீனுக்கும் மண்டபத்துக்கும் பெயர் கொடுத்த மொழி, இந்தியாவில் வாழும் 120க்கும் மேற்பட்ட வௌவால் வகைகளுக்கு அன்றாடப் பேச்சில் ஒற்றைச் சொல்லையே வைத்திருக்கிறது. அகராதியில் வௌவால் வகையாகக் குறிக்கப்படும் 'துரிஞ்சில்' புழக்கத்தில் இல்லை.

பெயர் பிரிக்காததால் வரும் இழப்புக்கு ஒரு சான்று மேகமலையில் இருக்கிறது. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் அங்குள்ள காப்பித் தோட்டத்தில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அதைத் தரங்கம்பாடிப் பெயருடைய குட்டைமூக்கு வௌவால் என்றே எண்ணி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அந்தப் பெயரிலேயே கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதன் பல்லையும் தலையோட்டையும் பார்த்தார். பேரினமே வேறு என்று கண்டு, 1972இல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

அதே 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவால்களையும் தீங்கு விலங்குகளின் அட்டவணையில் வைத்தது. கொன்றால் கேள்வியில்லை. சலீம் அலியின் வௌவால் பின்னர் தனியே முதல் அட்டவணைக்கு ஏறியது. தனிப்பெயர் பெற்றதால் கிடைத்த காவல் அது. மற்றவை 'பழந்தின்னி' என்ற மொத்தப் பெயருக்குள்ளேயே நின்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தத் தீங்கு அட்டவணையையே நீக்கியது. தோட்டக்காரருக்குப் பழம் போகிறது என்பது உண்மை. வௌவால் கடித்த பழத்தைத் தின்னக்கூடாது என்பதும் உண்மை. நோய் பரவ அது வழியாகலாம். இரண்டுக்கும் வலை கட்டுவதும் கடித்த பழத்தை ஒதுக்குவதும் போதும். இலுப்பைக்கும் ஆலுக்கும் ஊழியம் செய்யும் உயிரைத் தீங்கு என்று அட்டவணையிட்டது, அதைச் சரியாக அறியாததால் நேர்ந்தது.

மலையாளத்தில் சிறு வௌவாலுக்கு 'நரிச்சீர்' என்று தனிச்சொல் வழக்கில் இருக்கிறது. நமக்கும் வழி இருக்கிறது. பழம் தின்பதற்குச் சங்கச் சொல்லான வாவலையும், மாலையில் விளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்கும் சிறியதற்குத் துரிஞ்சிலையும் பாடநூல்களும் வனத்துறை அறிவிப்புகளும் எடுத்தாளலாம். அப்போது தரங்கம்பாடியின் சிறு உயிர் குறுமூக்கு வாவலாகும். மேகமலையின் அரிய உயிர் சலீம் அலி வாவலாகும். வௌவால் என்ற பொதுச்சொல் எல்லாவற்றுக்கும் மேலே இருந்துகொள்ளட்டும். நெட்டிலிங்கத்தை வெட்டப் போகிறவர் 'உள்ளே என்னமோ வவ்வால்' என்று சொல்வதற்கும், 'குறுமூக்கு வாவல் கூடாரம் கட்டியிருக்கிறது' என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைச் சொல்லத் தெரிந்தவர், குட்டிகள் பறக்கும்வரை அரிவாளைத் தள்ளிவைக்கக் காரணம் இருக்கிறது.