நாரும் நாணும்: எறிவோர் முழங்கையின் வரலாறு

தமிழில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவோர் இரண்டு வினைச்சொற்களை ஒன்றோடொன்று கலப்பதில்லை. பந்துவீச்சாளர் பந்தை ‘வீசுகிறார்’. எல்லைக்கோட்டருகே நிற்பவர் அதை ‘எறிகிறார்’. வீச வேண்டியவர் எறிந்தால் குற்றம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டேரல் ஹேர், முத்தையா முரளிதரனின் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாதவை என்று அறிவித்தபோது எழுந்த சர்ச்சை முழுவதும் இந்த வினைச்சொல் வேறுபாட்டின்மேல்தான் நின்றது. பிறவியிலேயே முழுமையாக நீட்ட இயலாத முழங்கை அவருடையது. 2005ஆம் ஆண்டில் பன்னாட்டு கிரிக்கெட் மன்றம் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை முழங்கை நிமிரலாம் என்று விதி வகுத்த பிறகே வழக்கு ஓரளவு அடங்கிற்று.

பெங்களூரு இதைவிடத் தெளிவான ஓர் உதாரணத்தைக் கண்டிருக்கிறது. பி. எஸ். சந்திரசேகரின் வலக்கை சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்தது. அந்தக் கையால்தான் அவர் பந்துவீசி, 58 டெஸ்ட் போட்டிகளில் 242 இலக்குகளை வீழ்த்தினார். ஆனால் களத்திலிருந்து பந்தை எறிய நேர்ந்தால் இடக்கையைப் பயன்படுத்தினார். வீசுதல் ஒரு கைக்கும் எறிதல் மறுகைக்கும் என ஒரே உடலில் பிரிந்து நின்றன. மொழி பிரித்ததை உடலும் பிரித்தது எனலாம்.

இந்தக் கட்டுரையின் பொருள் எறிதல். கிரிக்கெட் பந்துவீச்சில் பெருஞ்சுமையை முதுகெலும்பும் தோளும் முழங்காலும் தாங்குகின்றன. பேஸ்பால் எறிபவருக்கோ, ஈட்டி எறிபவருக்கோ அச்சுமை முழங்கையின் உட்பக்கத்தில் குவிகிறது. மேற்கை எலும்பின் உட்புறப் புடைப்பிலிருந்து முன்கையின் அல்னா எலும்புக்கு ஓடும் ஒரு சிறு தசைநார், எறியும் கணத்தில் முழங்கை வெளிப்பக்கமாக விரிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கிளென் ஃப்ளைசிக்கும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வேகமாக எறியும்போது முழங்கையில் எழும் முறுக்குவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். இறந்தோர் உடலிலிருந்து எடுத்துச் சோதிக்கப்பட்ட தசைநாரோ ஏறத்தாழ 32 நியூட்டன் மீட்டரிலேயே அறுந்துவிடுகிறது. மீதியை முன்கைத் தசைகளும் மூட்டின் எலும்பமைப்பும் பகிர்ந்துகொள்கின்றன. தசை களைத்தால் அந்தப் பங்கீடு குலைகிறது. களைப்போடு எறிவதே இக்காயத்தின் முதற்காரணம் என்று பின்னாளைய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இதுதான்.

இக்காயத்தின் மருத்துவ வரலாறு பேஸ்பாலில் தொடங்கவில்லை. அமெரிக்க நூல்கள் பலவும் இதை அடிக்குறிப்பு அளவிலேயே தொட்டுச் செல்கின்றன. ஈட்டி எறிதலைத் தேசியப் பெருமையாகப் போற்றும் பின்லாந்தைச் சேர்ந்த வாரிஸ் என்னும் மருத்துவர், ஈட்டி எறிவோரின் முழங்கைக் காயங்களைப் பற்றி 1946இல் ஒரு கட்டுரை எழுதினார். உட்பக்கத் தசைநார் அறுவதை விவரித்த முதல் ஆவணமாக இன்று கருதப்படுவது அதுவே. ஈட்டியிலிருந்து பந்துக்கு இக்காயத்தின் அறிவு நகர்ந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவில் ஈட்டியிலிருந்து பந்துக்கு மனிதர்களே நகர்ந்தார்கள்.

அதற்கு முன் 1974. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை எறிவாளர் டாமி ஜான் ஜூலை மாதம் ஓர் ஆட்டத்தின் நடுவே தசைநாரை இழந்தார். அன்றைய வழக்கப்படி அது தொழிலின் முடிவு. அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், செப்டம்பர் 25 அன்று, அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, இடது முழங்கையில் எட்டு வடிவில் கோத்துக் கட்டினார். தசைநாணை இடம்மாற்றிப் பயன்படுத்தும் முறை புதியதன்று. இளம்பிள்ளை வாத நோயாளிகளுக்குச் செய்துவந்த அறுவையிலிருந்து அது பெறப்பட்டது. சந்திரசேகரின் கையை மெலியவைத்த அதே நோய், எறிவோர் கையைக் காக்கும் முறைக்கு வழிகாட்டியது என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் அந்தத் தசைநாண் எல்லோருக்கும் இருப்பதில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து மணிக்கட்டைச் சற்றே மடக்கினால், இருப்பவருக்கு நடுவில் கயிறுபோல் புடைத்து நிற்கும். இல்லாதவருக்கு அதனால் அன்றாட வாழ்வில் எந்தக் குறையும் நேர்வதில்லை. அதனால்தான் அதைக் கடன் வாங்க முடிகிறது. தமிழ்க் கலைச்சொற்களில் இதை எழுதிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். நாணை எடுத்து நாராக்குவதே இவ்வறுவை. உடலும் அந்தப் பெயர்மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறது: மாதங்கள் செல்லச் செல்ல ஒட்டப்பட்ட நாண், உள்ளமைப்பில் மெல்ல நாராகவே மாறிவருகிறது. அந்த மாற்றத்துக்கு ஆகும் காலத்தை அவசரப்படுத்த எந்த மருத்துவராலும் முடியாது. ஓராண்டு என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

வெற்றிபெற நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு என்று ஜோப் சொல்லியிருந்தார். டாமி ஜான் 1976இல் திரும்பினார். 1989 வரை ஆடினார். தம் 288 வெற்றிகளில் 164ஐ அறுவைக்குப் பின்னரே பெற்றார். அறுவைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மருத்துவரின் பெயரால் அன்றி நோயாளியின் பெயரால் வழங்கும் அறுவைகள் மிகச் சில. அந்தப் பெயர்சூட்டல் ஒரு மறதியையும் கூடவே கொண்டுவந்தது. இரண்டாவதாக இவ்வறுவையைச் செய்துகொண்டவர் பிரென்ட் ஸ்ட்ராம், ஆண்டு 1978. அவர் மேஜர் லீக் ஆட்டத்துக்குத் திரும்பவேயில்லை. பின்னாளில் மதிப்புமிக்க பயிற்சியாளரானார் என்பது வேறு கதை. அறுவைக்கு ஸ்ட்ராமின் பெயர் வாய்த்திருந்தால், மாணவர்கள் அதை எதிர்கொள்ளும் மனநிலை வேறாக இருந்திருக்கும்.

எண்களும் இதையே காட்டுகின்றன, ஆனால் கவனமாகப் படித்தால் மட்டுமே. ஜோப் 1986இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் 16 பேரில் 10 பேர் பழைய நிலைக்குத் திரும்பினர். ஜேம்ஸ் ஆண்ட்ரூஸின் குழுவினர் 2010இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் அறுவை செய்யப்பட்டோர் 1281 பேர். குறைந்தது ஈராண்டுக் காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 743 பேரில் 83 விழுக்காட்டினர் பழைய தரத்துக்கோ அதற்கு மேலோ திரும்பினர்; முழுப் போட்டிக்குத் திரும்பச் சராசரியாக 11.6 மாதங்கள் ஆயின. மேற்கோள்களில் வாழ்வது அந்த 83 மட்டுமே. கணக்கில் வராத ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மேற்கோள்களில் இல்லை. ‘திரும்பினார்’ என்ற சொல்லும் விசாரணைக்குரியது: ஒரே ஓர் ஆட்டம் ஆடினாலும் திரும்பியதாகும், பத்தாண்டு ஆடினாலும் திரும்பியதாகும்.

இத்தகைய எண்கள் கல்லூரி, பள்ளி மாணவரிடையே என்ன செய்தன என்பதற்கு 2012இல் வெளியான ஒரு கருத்தாய்வு சான்று. காயமே இல்லாதபோதும் திறனைக் கூட்ட இவ்வறுவையைச் செய்துகொள்ளலாம் என்று அதில் பங்கேற்ற உயர்நிலைப் பள்ளி வீரர்களில் 51 விழுக்காட்டினரும் கல்லூரி வீரர்களில் 26 விழுக்காட்டினரும் கருதினர். சிகிச்சை ஒன்று மேம்பாட்டுக் கருவியாகப் பிறழ உணரப்பட்ட நிகழ்வுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கையில் களைப்பிருந்தும் தொடர்ந்து எறிந்த இளைஞர்கள் அறுவைக்கு உள்ளாகும் வாய்ப்பு 36 மடங்கு மிகுதி என்று 2006ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்த 36 ஏன் 83 அளவுக்குப் புகழ்பெறவில்லை?

இந்தியாவுக்கு வருவோம். 2008இல் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்க விளையாட்டு முகவர் இந்தியாவில் ஓர் எறிதல் போட்டியை நடத்தினார். வேகமாகவும் இலக்கு தவறாமலும் பேஸ்பாலை எறிபவரைத் தேடுவதே நோக்கம். முன்னிலை பெற்ற ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் உத்தரப் பிரதேசத்தினர். இருவரும் ஈட்டி எறிபவர்கள். அதுவரை பேஸ்பால் ஆடியறியாதவர்கள். கலிஃபோர்னியாவில் டாம் ஹவுஸ் என்னும் முன்னாள் எறிவாளரிடம் சில மாதங்கள் பயின்றனர். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. படேல் 2010இல் விடுவிக்கப்பட்டார். இடக்கையரான ரிங்கு சிங் கீழ்நிலைப் பிரிவுகளில் படிப்படியாக ஏறிவந்தார். 2013இல் முழங்கைத் தசைநார் அறுவை. அதன்பின் அவர் அந்த ஏணியில் மேலே செல்லவில்லை.

இவர்கள் கதையைச் சொன்ன ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ திரைப்படம், ஏ. ஆர். ரகுமானின் இசையோடு, 2014இல் வெளியானது. அதாவது, அறுவைக்கு அடுத்த ஆண்டு. படம் ஒப்பந்தத்தோடு முடிகிறது. முழங்கை அதற்குப் பிறகுதான் வருகிறது. 2018இல் ரிங்கு சிங் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்து, வீர் மகான் என்ற பெயரில் மேடையேறினார். ஆண்ட்ரூஸின் அட்டவணை போன்ற ஒன்றில் இத்தகைய ஒருவர் ‘திரும்பாதவர்’ என்ற கட்டத்தில் அடங்கிவிடுவார். ஈட்டி எறிந்த ஆண்டுகளின் தேய்மானம் எவ்வளவு, பந்து எறிந்த ஆண்டுகளின் தேய்மானம் எவ்வளவு என்று ஒரு தசைநாரில் பிரித்தறிய வழியில்லை. ஆனால் வாரிஸின் கட்டுரையைப் படித்த எவருக்கும் அந்தக் கேள்வி எழாமல் இராது.

ஈட்டியோடே தங்கிவிட்ட ஒருவரின் முழங்கை வேறு பாதையில் சென்றது. 2019 மே 3 அன்று மும்பையில் மருத்துவர் தின்ஷா பர்திவாலா, நீரஜ் சோப்ராவின் வலது முழங்கையில் அறுவை செய்தார். அது தசைநார் மாற்றுவது அன்று. மூட்டின் அசைவைத் தடுத்த கோளாற்றைச் சரிசெய்வது. இந்த வேறுபாடு செய்திகளில் தொலைந்துபோவதுண்டு. அவ்வாண்டு தோகாவில் நடந்த உலகப் போட்டியை அவர் இழந்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். டோக்கியோவில் தங்கம் தந்த எறிதல் அதைவிடச் சற்றுக் குறைவு: 87.58. 2025 ஜூலை 5 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் தம் பெயரில் நடந்த போட்டியில் 86.18 மீட்டரோடு வென்றதும் அதே முழங்கைதான்.

அந்த அரங்கிலிருந்து தெற்கே, ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஹெப்பகோடி வருகிறது. அதையடுத்துப் பொம்மசந்திராவின் பெரிய மருத்துவ வளாகம். இவ்வட்டாரத்துக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு முழங்கை கிழிந்தால் ஸ்கேனும் அறுவையும் சில கிலோமீட்டர் தொலைவிலேயே கிட்டும். அறுவை ஓரிரு மணி நேர வேலை. மீட்சி அப்படியன்று. முதலில் மூட்டின் அசைவு, பிறகு தோளும் முன்கையும் வலுப்பெறுதல், நான்கைந்து மாதங்களுக்குப் பின் குறுந்தொலைவில் மெல்ல எறிதல், அதன்பின் தொலைவையும் வேகத்தையும் வாரக்கணக்கில் கூட்டுதல். தக்க காயமுள்ளவர்க்கு, பழைய நாரையே தைத்து ஒரு நாடாவால் வலுவூட்டும் புதிய முறை இக்காலத்தைக் குறைக்கிறது. ஜெஃப்ரி டூகாஸின் குழுவினர் 2019இல் வெளியிட்ட தொகுப்பில் திரும்பச் சராசரியாக 6.7 மாதங்களே ஆயின. ஆனால் நார் நன்னிலையில் இருந்து, கிழிவு ஓரத்தில் இருந்தால் மட்டுமே அது பொருந்தும்.

மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் பன்னிரண்டு மாதம் என்பது மூன்றில் ஒரு பங்கு. இரண்டாமாண்டில் காயமுற்ற மாணவர் திரும்பி வரும்போது இறுதித் தேர்வு நெருங்கியிருக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவராயின் விடுதி அறையைப் பற்றிய கவலையும் உடனிருக்கும். அமெரிக்கத் தொழில்முறை வீரருக்கு அந்த ஓராண்டுக்கான ஊதியத்தை ஒப்பந்தம் தருகிறது. அவரைக் கொண்டு கணக்கிட்ட விழுக்காடு எதுவும் இந்த மாணவருக்கு அப்படியே பொருந்தாது. அவரைக் காக்கக்கூடிய செயல் மிக மலிவானது. அதற்கு மருத்துவமனையும் வேண்டாம். உடற்கல்வி ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் அன்றன்று எறிந்த எண்ணிக்கையை எழுதி, அருகில் ‘கை வலித்ததா?’ என்று ஒரு கட்டமும் வரைந்துகொண்டால் போதும்.