யுவான் சுவாங் காணாத பாத்திரம்

யுவான் சுவாங் 645இல் ஊர் திரும்பி, மறு வருஷம் முடித்துக்கொடுத்த பயண நூலின் இரண்டாம் பாகத்தில் இந்தியரின் வீட்டுச் சாமான்களைப் பற்றிய குறிப்பு ஒன்று வருகிறது. சட்டியும் கொப்பரையும் புழங்குகிறார்களாம். ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் மட்டும் தெரியாதாம். இந்தக் குறிப்பையும் துணைக்கு வைத்துக்கொண்டுதான் கே. டி. அச்சயா, இட்லி அவிக்கும் முறை 800க்கும் 1200க்கும் இடையில் இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகித்தார். அவர் ஊகமாகச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் வரலாறாக்கிவிட்டார்கள்.

பிக்ஷு தேடியது எந்தப் பாத்திரத்தை? ஸெங் என்று அதற்குப் பெயர். அடியில் துளையிட்ட பானை. கொதிக்கும் இன்னொரு பானையின் வாயில் அதை உட்காரவைப்பார்கள். புதிய கற்காலத்தில் மண்ணாலும், ஷாங் காலத்தில் வெண்கலத்தாலும் சீனர் செய்துகொண்டது. தன் வீட்டு அடுப்பிலிருந்ததை இங்கே காணாமல் 'இல்லை' என்று எழுதினார். வாய்க்குத் துணி கட்டிய பானையை அவர் ஸெங் என்று எண்ணியிருக்க மாட்டார். வங்கியில் பேரேடு எழுதுகிறவனுக்கு இது பழகிய விஷயம்: தலைப்பு இல்லாத தொகை, ஏட்டைப் பொறுத்தவரை இல்லாத தொகைதான். தமிழில் துன்பியல் நாடகம் உண்டா, காவியம் உண்டா என்று மேற்கத்திய அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு தேடிய நம் பேராசிரியர்கள் செய்ததும் இதுவே. ஆனால் யுவான் சுவாங்கிடம் ஒரு நேர்மை உண்டு. பார்த்த பாத்திரங்களையாவது எழுதிவைத்தார்.

நம் சொல்லும் இங்கே உதவுவதில்லை. கிழங்கையும் அவிக்கிறோம், நெல்லையும் அவிக்கிறோம், இட்லியையும் அவிக்கிறோம். புழுக்கு என்ற சொல் சங்கச் செய்யுளிலேயே இருக்கிறது; நீரிலா ஆவியிலா என்று அது சொல்லாது. சீனமோ நீரில் வேகவைப்பதற்கு ஒரு வினையும் ஆவியில் வேகவைப்பதற்கு வேறொரு வினையும் வைத்திருக்கிறது. வினை இரண்டாக இருந்தால் கண்ணும் இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கும்.

இவ்வளவு பழைய ஆவிச் சட்டியில் கோதுமை மாவு ஏறியது பிந்தித்தான். கோதுமை மேற்கிலிருந்து சீனத்துக்குப் போன தானியம். அதை வெகுகாலம் தினை போல முழுசாகவே வேகவைத்துத் தின்றார்கள். ஹான் காலத்தில் சுழல் திரிகை பரவிய பிறகே மாவு சாதாரணச் சரக்காயிற்று. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஷூ ஸி என்பவர் மாவுப் பண்டங்களைப் பற்றி 'ஃபூ' ஒன்று எழுதினார். தலைநகரையும் அரச வேட்டையையும் பாடுவதற்கான ஆடம்பர வடிவம் அது. அதில் இவர் ஆவியில் வெந்த மான்டோவையும், அதன் மணத்தில் தவிக்கும் வழிப்போக்கனையும், பாத்திரம் ஏந்தி நிற்கும் வேலைக்காரர்களையும் வைத்தார். பசித்தவன் முகம் இலக்கியத்துக்குள் வந்த இடங்களில் இது ஒன்று என்றே நினைக்கிறேன். இந்தப் பண்டங்கள் அண்மையில் வந்தவை, சில பெயர்கள் தெருவில் பிறந்தவை, சில முறைகள் அந்நியருடையவை என்பதையும் அவர் கூச்சமின்றி ஒப்புக்கொள்கிறார். பூர்வீகம் பேசும் நம்மவர்கள் கவனிக்கலாம். மான்டோவை ஜூகே லியாங் நரபலித் தலைக்குப் பதிலாகக் கண்டுபிடித்தார் என்ற கதை பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது. அதை விட்டுவிடலாம்.

பெயர் போன வழி வேடிக்கையானது. கொரியாவில் மன்டு, ஜப்பானில் மஞ்ஜூ, துருக்கியில் மன்தி. சீனத்தின் வடக்கிலேயே மான்டோ பூரணத்தை இழந்து வெறும் மாவு உருண்டையாகிவிட்டது. பூரணம் வைத்ததற்குப் பாவ்ஸி என்று வேறு பெயர். மெல்லிய தோலில் பிறை வடிவாக மடித்தது ஜியாவோஸி. துர்ஃபான் அருகே அஸ்தானா இடுகாட்டின் டாங் காலக் கல்லறைகளில் அது காய்ந்து கெட்டியாகி, மடிப்புக் குலையாமல் கிடைத்திருக்கிறது. அது காவோசாங் நகரத்தாரின் இடுகாடு. இந்தியாவுக்குப் போகும் வழியில் யுவான் சுவாங் அந்நகரில் தங்கினார். அரசன் போகவிட மறுத்ததால் மூன்று நாள் அன்ன ஆகாரமின்றி உட்கார்ந்து அனுமதி வாங்கினார் என்கிறது அவருடைய சரிதம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பூவெய் யாங் சாவ் 1945இல் வெளியிட்ட சமையல் நூலைத் தேடிப் பிடிக்கலாம். டோக்கியோவில் மருத்துவம் படித்தவர். கணவர் யுவென் ரென் சாவ், ஆலிஸின் அற்புத உலகத்தைச் சீனத்தில் தந்த மொழியியலாளர். தாய் சொல்ல மகள் ஆங்கிலமாக்க, தகப்பனார் குறுக்கிட்டு வேடிக்கை செய்த புத்தகம். ஜியாவோஸிக்கு ஆங்கிலத்தில் பெயரில்லை என்பதால் 'ராப்லிங்' என்று புதிதாக ஒரு சொல்லைச் செய்துகொண்டார்கள். கொழுக்கட்டை என்று நான் எழுதாமலிருப்பதும் அந்தக் காரணத்தால்தான்.

நான் செய்வது இப்படி. நீரில் வேகவைக்கிற ஜியாவோஸிக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைய வேண்டும். ஆவிக்கு என்றால் கொதிநீர் வேண்டும். மாவின் இழுவை குறைந்து தோல் மிருதுவாகும். மைதாவை அரை மணி நேரம் மூடிவைத்து, நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் வரும்படி தேய்க்கிறேன். அங்கே பன்றிக்கறி சேர்ப்பார்கள். என் வீட்டில் முட்டைக்கோஸ், இஞ்சி, வெங்காயத்தாள். கோஸை உப்புப் போட்டுப் பிழிந்து நீரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் கிழியும். இட்லிப் பானையில் குழித்தட்டை எடுத்துவிட்டு, துளையுள்ள தட்டையான தட்டில் ஈரத்துணி விரித்துப் பத்து நிமிஷம். மூங்கில் கூடையின் மூடி ஆவியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்; அலுமினிய மூடி சொட்டும். அதனால் மூடிக்கு அடியில் ஒரு துணி கட்டுகிறேன்.