கல்முனைக் கரையும் பழம்பொருட் சான்றுகளும்

சரித்திரம் என்றதும் மன்னர்தம் போர்களும் கோட்டை கொத்தளங்களுமே பலர்க்கு நினைவில் எழுவன. மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என அறியப் புகுவார்க்கோ, வீட்டு மூலையிற் கிடக்கும் பித்தளை வட்டாவும் நெல்லளந்த மரைக்காலும் சிறந்த சான்றுகளாம். இவற்றைப் பேணிக் காத்தல் நூதனசாலையின் முதற் கடமை.

கல்முனைக் கரையின் வரலாற்றுக்கு இவ்வுண்மை நன்கு பொருந்தும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு முதலிய சைவத் தமிழூர்களும் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626-ஆம் ஆண்டளவில் கீழ்க்கரையிற் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. திருக்கோவில், தம்பிலுவிற் பகுதியிற் கிடைத்த கல்வெட்டொன்று, விஜயபாகு மன்னனின் பத்தாம் ஆண்டிற் சிவஞானசங்கரர் கோயிலுக்கு அளிக்கப்பெற்ற தானத்தைக் கூறும். எனினும் அயலூரார் இருசாராரும் ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்த வாழ்வை இத்தகைய ஆவணங்கள் விரித்துரைப்பதில்லை.

அதனை உரைப்பன புழங்குபொருள்களே. இக்கரையில் இருசாராரிடையும் தாய்வழிக் குடிமுறை உண்டு. கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிவழியே உரிமைகள் அமைந்தன. வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். ஆதலின் வீட்டிலிருந்த வட்டாவும் படிக்கமும் தாயிடமிருந்து மகளிடம் சென்றவை எனின், அவை வெறும் பித்தளையல்ல. ஒரு குடியின் வழிமுறைக்குச் சாட்சியாவன. வயற்பரப்பை அவணத்தாற் கணக்கிட்ட வழக்கையும், மருதமுனைத் தறிகளிற் சாரமும் சேலையும் நெய்த தொழிலையும் இத்தகைய பொருள்களே விளக்கும்.

எனினும் பொருளைச் சேர்த்தல் மட்டும் போதாது. கொழும்பு நூதனசாலையிலுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டை நோக்குக. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409-ஆம் ஆண்டினது. சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார்க்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறும். 1911-இற் காலியில் அது வடிகாலின் மூடுகல்லாய்க் கிடந்தது. எழுத்திருந்தமையால் அக்கல் தன் வரலாற்றைத் தானே கூறிற்று. எழுத்தில்லாத வட்டாவோ அவ்வாறு கூறாது. எவ்வூரது, எக்குடியினர் வைத்திருந்தனர், எதற்குப் பயன்பட்டது, என்ன பெயரால் வழங்கிற்று என்பன குறிக்கப்படாவிடின், அது கண்ணாடிப் பெட்டியுள்ளும் ஊமையாகவே இருக்கும்.

இப்பணிக்குக் காலம் காத்திராது. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்று அலை கொண்டுசென்ற வீடுகளோடு அவற்றின் பொருள்களும், அவற்றின் கதையறிந்த முதியோரும் மறைந்தனர். எஞ்சியவையும் பழைய பித்தளை வாங்குவாரிடம் நிறைக்கு விலைபோதல் கூடும்.

காத்தான்குடியில் முஸ்லிம் மக்களின் பண்பாட்டைக் காட்டும் நூதனசாலை அமைந்திருப்பது நன்முயற்சி. கல்முனைக் கரையின் மாணவரும் தத்தம் ஊரிற் பாட்டிமாரையும் உம்மம்மாமாரையும் அணுகிப் பொருளையும் அதன் சொல்லையும் ஒருங்கே எழுதிவைத்தல் வேண்டும். பொருள் பின்னரும் கிடைக்கலாம். அதனை அறிந்தாரின் சொல் ஒருமுறை போயின் மீளாது.