வேலை தேடும் உரிமை: நெதர்லாந்தின் உழைப்புச் சந்தையில் அயல்நாட்டார்

ஆய்வுச் சுருக்கம்

நெதர்லாந்து நான்கு நூற்றாண்டுகளாக அயல்நாட்டு உழைப்பைச் சார்ந்து வந்துள்ள நாடாகும். அங்குச் சென்றவர்களுக்கு வேலை எவ்வழியாகக் கிடைத்தது என்பதை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம், விருந்தினர் தொழிலாளர் காலம், அறிவுசார் பணியாளர் காலம் என மூன்று கட்டங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது. வேலையோடு உறைவிடமோ கடனோ வதிவிட உரிமையோ சேர்த்துப் பிணைக்கப்பட்டிருந்தது என்பதும், ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோர் தாமே வேலை தேடும் உரிமை மிகப் பிந்தியே, அதுவும் ஒரு சிலருக்கே, சட்ட ஏற்புப் பெற்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: நெதர்லாந்து, புலம்பெயர் உழைப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி, விருந்தினர் தொழிலாளர், அறிவுசார் பணியாளர், வதிவிட உரிமை.

முன்னுரை

புலம்பெயர் உழைப்பின் வரலாற்றில் எத்தனை பேர் வந்தனர், எங்கிருந்து வந்தனர் என்னும் வினாக்கள் முன்னிற்பது இயல்பு. வந்தவர் தமக்குரிய வேலையைத் தாமே தேடிக்கொள்ள இயன்றதா என்னும் வினா அதற்கு அடுத்தது. வேலையை விட்டு விலகவும், வேறு வேலைக்கு மாறவும், கூலியைப் பேசி உயர்த்தவும் ஒருவருக்குள்ள ஆற்றல் இவ்வினாவின் விடையைப் பொறுத்தே அமைகிறது. நெதர்லாந்தின் வரலாறு இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாக உள்ளது.

விடுதிக்காரரும் கடன் சீட்டும்

17ஆம் நூற்றாண்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு செர்மானிய நாடுகளிலிருந்தும் நார்வே, டென்மார்க், சுவீடன் ஆகிய பகுதிகளிலிருந்தும் மக்கள் வேலை நாடி வந்தனர். நுழைவு அனுமதி, பணி அனுமதி என்னும் இக்காலத் தடைகள் அன்று இல்லை. ஆயினும் எல்லாத் தொழில்களும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பல கைத்தொழில்கள் தொழிற்குழுக்களின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1632ஆம் ஆண்டு ஆணையின்படி யூதர்கள் ஆம்ஸ்டர்டாமின் நகரக் குடியுரிமையைப் பெறலாம். ஆனால் தொழிற்குழுக்களுக்குரிய தொழில்களைச் செய்ய இயலாது. வைரம் பட்டை தீட்டுதல், அச்சுத்தொழில், புகையிலைத் தொழில் போன்ற துறைகளில் அவர்கள் மிகுதியாக ஈடுபட்டமைக்கு இத்தடையும் ஒரு காரணமாகும்.

கைப்பொருள் இல்லாதவர்க்கு எளிதில் கிடைத்தது கம்பெனி வேலை. 1602 முதல் 1799 வரை நிலவிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் புறப்பட்டனர். அவர்களுள் சற்றேறக்குறையப் பாதிப்பேர் டச்சுக் குடியரசுக்கு வெளியே பிறந்தவர்கள். படைவீரரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. திரும்பி வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவே ஆவர்.

இவர்களைக் கம்பெனியின் வாயில்வரை கொண்டு சேர்த்தவர் விடுதிக்காரர். கம்பெனி ஆள் எடுக்கும் நாள்வரை புதிதாக வந்தவருக்கு அவர் உணவும் படுக்கையும் தந்தார். பயணத்திற்குரிய பெட்டியும் உடைகளும் வாங்கிக் கொடுத்தார். அதற்கு ஈடாக, வேலையில் சேர்ந்தவரின் எதிர்கால ஊதியத்தின்மீது எழுதப்பட்ட கடன் சீட்டைப் பெற்றுக்கொண்டார். வேலைக்குச் சென்றவர் உயிரோடிருந்து ஊதியம் ஈட்டினால்தான் கம்பெனி அச்சீட்டுக்குப் பணம் தரும். கடலிலும் ஆசியாவிலும் இறப்பு மலிந்திருந்தமையால் விடுதிக்காரர் பலர் அச்சீட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டனர். அவற்றை வாங்கி விற்றோரைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் பொருள் 'ஆன்மா விற்போர்' என்பதாகும். சீட்டு என்னும் பொருளுடைய டச்சுச் சொல் ஆன்மாவைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்திருந்தமையால் இப்பெயர் தோன்றியது என விளக்கப்படுவதுண்டு. 1771இல் கம்பெனியின் கப்பல் மருத்துவராகச் சென்ற சுவீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் இத்தொழிலின் கொடுமையைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார்.

இவ்வாறு சேர்க்கப்பட்டோரே பழவேற்காடு, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் கோட்டைகளிலும் பணியாற்றினர். 'ஒல்லாந்தர்' எனத் தமிழில் ஒரே பெயரால் சுட்டப்படுவோருள் செர்மானியரும் ஸ்காண்டிநேவியரும் கலந்திருந்தனர் என்பதைத் தமிழக, ஈழ வரலாற்றாய்வு கருத்திற்கொள்ளல் தகும். அவர்களுள் பலர் வேலை கிடைக்கும் முன்னரே கடனாளி ஆனவர்கள்.

ஒப்பந்தமும் விடுதியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தொழில் வளர்ச்சியால் நெதர்லாந்தில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அரசு ஆள்சேர்ப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது: 1960இல் இத்தாலி, 1961இல் ஸ்பெயின், 1963இல் போர்த்துகல், 1964இல் துருக்கி, 1966இல் கிரீஸ், 1969இல் மொராக்கோ, 1970இல் யூகோஸ்லாவியா, துனிசியா. ஆள்சேர்ப்பாளர்கள் அந்நாடுகளுக்கே சென்று, மருத்துவச் சோதனை நடத்தி, ஆட்களைத் தெரிந்தெடுத்தனர். இவர்களுக்கு இடப்பட்ட 'விருந்தினர் தொழிலாளர்' என்னும் பெயரே அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள் என்பதை உணர்த்திற்று.

எனினும் பலர் ஒப்பந்தத்திற்குக் காத்திராமல் தாமே வந்து, உறவினர் வழியாகவும் ஊரார் வழியாகவும் தொழிற்சாலைகளில் வேலை தேடிக்கொண்டனர். பொருளாதாரம் வளர்ந்தவரை அரசு இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1968இல் நிலை மாறியது. புறப்படும் முன்னரே தாயகத்திலிருந்து தற்காலிக வதிவிட அனுமதி பெற்றாக வேண்டும் என விதிக்கப்பட்டது. வந்தபின் வேலை தேடும் வழி இதனால் அடைபடலாயிற்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து ஆள்சேர்ப்பும் நின்றது. வெளிநாட்டுத் தொழிலாளர் பணிக்கான சட்டம் 1979இல் நடைமுறைக்கு வந்தது. 1995இல் அதன் இடத்தைப் புதிய சட்டம் பெற்றது. உள்நாட்டிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தகுந்த ஆள் இல்லை என்று காட்டினாலன்றிப் பணி அனுமதி இல்லை என்பது இச்சட்டத்தின் அடிப்படை விதியாகும்.

இக்காலத்திலும் படுக்கை வேலையோடு இணைந்தே இருந்தது. தொழிலாளர் பலர் முதலாளிகளோ தனியாரோ நடத்திய நெரிசலான விடுதிகளில் தங்கினர். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராட்டர்டாம் நகரின் ஆஃப்ரிக்காண்டர் பகுதியில் நிகழ்ந்த கலவரத்தில் துருக்கியர் தங்கியிருந்த விடுதிகளே தாக்குதலுக்கு உள்ளாயின.

ஈழத்தமிழ் ஏதிலியரும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். 1980களின் நடுப்பகுதியில் அவர்கள் நெதர்லாந்துக்கு வந்தபோது, வழக்கமான சமூக உதவித்தொகைக்கு மாற்றாக, 1985இல் 'படுக்கை, குளியல், ரொட்டி' எனப்பட்ட ஏற்பாட்டின்கீழ் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். 1987இல் புகலிடம் கோருவோர் அனைவர்க்குமான பொது ஏற்பாடு உருவாக இது முன்னோடியாயிற்று. புகலிடம் கோருவோர் 52 வாரங்களில் 24 வாரங்கள் மட்டுமே பணியாற்றலாம் என்னும் விதி பின்னர் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திற்கு முரணானது என 2023 நவம்பரில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊதிய வரம்பும் பொறுப்பேற்கும் நிறுவனமும்

2004 அக்டோபர் 1 அன்று 'அறிவுசார் புலம்பெயர்வோர்' திட்டம் தொடங்கிற்று. உள்நாட்டில் ஆள் உண்டா என்னும் சோதனை இவர்களுக்கு இல்லை. உரிய ஊதியம் இருந்தால் போதுமானது. 2025ஆம் ஆண்டுக்குரிய வரம்பு, விடுமுறைப் படி நீங்கலாக, 30 வயது நிரம்பியோர்க்கு மாதம் 5,688 யூரோ. அதற்குக் குறைந்த வயதினர்க்கு 4,171 யூரோ. இத்திட்டத்தில் வருவோருள் இந்தியக் குடிமக்கள் முதன்மை பெற்றுள்ளனர்.

கதவு அகன்றாலும் திறவுகோல் வேலை தருபவரிடமே உள்ளது. 2013 ஜூன் முதல், அரசால் ஏற்கப்பட்ட பொறுப்பேற்பு நிறுவனம் மட்டுமே இத்திட்டத்தில் விண்ணப்பிக்க முடியும். வேலை பறிபோனால் புதிய வேலை தேட, அனுமதியின் காலவரம்புக்கு உட்பட்டு, மூன்று மாதம் வரையே கிடைக்கிறது. அதற்குள் ஏற்புப் பெற்ற வேறொரு நிறுவனம் கிட்டாவிடில் வதிவிட உரிமையும் பறிபோகக்கூடும். வரிச் சலுகையும் இவ்வாறே அமைந்துள்ளது. ஊதியத்தில் 30 விழுக்காடு வரையிலான பகுதிக்கு வரி விலக்கு அளிக்கும் ஏற்பாடு, வெளிநாட்டிலிருந்து பணிக்கு அமர்த்தப்பட்டவர்க்கே உரியது. முதலில் வந்து குடியேறிப் பின்னர்த் தாமே வேலை தேடிக்கொண்டவர் பொதுவாக அதனைப் பெற இயலாது. முதலாளி தேடிக் கண்டவருக்குச் சலுகை. முதலாளியைத் தேடி வந்தவருக்கு அஃதில்லை.

இப்போக்கிலிருந்து விலகி நிற்பது 'தேடல் ஆண்டு' என்னும் அனுமதியாகும். 2007இல் நெதர்லாந்தில் பட்டம் பெற்றோர்க்கும், 2009இல் வெளிநாட்டின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் பயின்றோர்க்கும் தனித்தனியே ஏற்பட்ட ஏற்பாடுகள் 2016இல் ஒன்றாக்கப்பட்டன. பட்டம் பெற்ற மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிப்போர் ஓராண்டு தங்கி, தனிப் பணி அனுமதியின்றி எவ்வேலையும் செய்துகொண்டே தேடலாம். பொறுப்பேற்கும் நிறுவனம் வேண்டியதில்லை. வேலை தேடுவதே நாட்டில் தங்குவதற்குரிய காரணமாக இங்கு ஏற்கப்படுகிறது. ஆனால் இவ்வுரிமை பட்டத்தாலும் பல்கலைக்கழகத்தின் தர வரிசையாலும் வரையறுக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு வேலை தேடும் உரிமை சட்டத்திலேயே உண்டு. 2007 மே முதல் போலந்து நாட்டினரும், 2014 முதல் ருமேனியர், பல்கேரியரும் பணி அனுமதியின்றி வேலை செய்யலாயினர். எனினும் பசுமைக்குடில்களிலும் இறைச்சிக் கூடங்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்வோர் பலர் தற்காலிகப் பணியாளர் முகமைகள் வழியாகவே அமர்த்தப்படுகின்றனர். படுக்கையையும் அம்முகமையே தருகிறது. வேலை போனால் உறைவிடமும் போகும் நிலையை ஏமில் ரோமர் தலைமையிலான குழு 2020இல் சுட்டிக்காட்டி, வேலை ஒப்பந்தத்தையும் உறைவிட ஒப்பந்தத்தையும் பிரிக்குமாறு பரிந்துரைத்தது.

முடிவுரை

கம்பெனிக் காலத்தில் சட்டம் தடுக்கவில்லை. வறுமையும் கடன் சீட்டும் பிணித்தன. 1968க்குப் பின் சட்டமே தேடலைத் தடுத்தது. 2004க்குப் பின் திறன் மிக்கோர்க்குக் கதவு திறந்தது. அவர்தம் வதிவிட உரிமையோ நிறுவனத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டது. இவை தம்முள் ஒத்த கொடுமைகள் அல்ல. உயர் ஊதியம் பெறும் பொறியாளரையும் கடனில் மூழ்கிய கப்பலாளையும் ஒரே தட்டில் வைத்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும், வேலையை இழந்தால் வேலையோடு வேறொன்றையும் இழக்க நேரும் என்னும் அச்சம் இருவர்க்கும் பொதுவானது. அவ்வச்சம் உள்ளவரை ஒருவரின் கூலிப் பேச்சும், முறையீடும், விலகலும் தயக்கத்திற்கு உட்பட்டவையே. ஆகவே புலம்பெயர் உழைப்பை ஆராய்வோர் வந்தவர் தொகையையும் ஊதியத்தையும் கணக்கிடுவதோடு, வேலையிழந்தவர் எத்தனை நாள் தங்கி மறுவேலை தேட முடிந்தது என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.